மறுபத்தியம்

வேண்டாம் தம்பி, நீங்க சாப்பிடுங்க. காராச்சேவுன்னா எனக்கு உயிரு, ஆனா ஆகாது. பத்தியம். இன்னைக்குக் காலையிலதான் ஆரம்பிச்சிருக்கு. உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல, பாக்கியள்லா, கல்லு மாதிரிதான் இருக்கேன். இது ரெண்டாவது பத்தியம். முதப் பத்தியம் ஏழு வருஷம் ஓடிச்சு.

சிரிக்கியளே. ஏழு வருஷம்னு சொன்னா எல்லாரும் சிரிக்கத்தான் செய்யுதாங்க. இருந்து பாத்தவனுக்குத்தான தெரியும். சன்னலை நல்லாத் தொறந்து வைங்க, காத்து வரட்டும். பஸ்ஸு பாவூர்சத்திரம் போய்ச் சேர நேரம் கிடக்கு, சொல்லுதேன், கேளுங்க.

என் பேரு சங்கரலிங்கம். நூல் மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டையர் ஆனவன். மேஸ்திரின்னா சும்மா இல்ல. எவன் எங்க நிக்கான், எவ எம்புட்டு நேரம் வெளிய போயிட்டு வாரா, எல்லாம் கண்ணுலயே இருக்கணும். பிள்ளைக இல்ல எங்களுக்கு. நானும் என் வீட்டுக்காரி ஆவுடையம்மாளும் ரெண்டே பேருதான். ரிட்டையர் ஆன வருஷம் ரெண்டு கால்லயும் கரப்பான் வந்துட்டு. அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு. இங்கிலீஷ் மருந்து போட்டா அடங்கும், விட்டா ஏறும். அம்பாசமுத்திரத்துல பொன்னையா வைத்தியர்னு ஒருத்தர் இருக்காரு, போய்ப் பாருங்கன்னு சொன்னாங்க. போனோம்.

நாடி பாத்தாரு. சூரணம் மடிச்சுக் குடுத்தாரு. குடுத்துட்டு என்னைப் பாக்கலை தம்பி, ஆவுடையைப் பாத்துத்தான் சொன்னாரு. "புளி, மிளகாய், கடுகு, கருவாடு வாயில படக் கூடாது. கத்தரிக்காய், பாகற்காய், அகத்திக்கீரை மூணும் ஆகாது. மத்தக் காயெல்லாம் பிஞ்சாப் பாத்து, அன்னன்னைக்குப் பறிச்சதா வாங்கி, எண்ணெயைக் கொறச்சு ஆக்கிப் போடும்மா." எம்புட்டு நாளைக்கு ஐயான்னு அவ கேட்டா. "நான் சொல்லுத வரைக்கும்" னாரு.

அந்த ஒரு வார்த்தைதான். அதுலதான் நான் மாட்டிக்கிட்டேன்.

கரப்பான் ரெண்டு மாசத்துல உதுந்து போச்சு. காலு புதுக் காலு மாதிரி ஆயிட்டு. சரி, பத்தியத்தை முடிச்சுக் குடுங்கன்னு கேட்டுட்டு வருவோம்னு போனா கடை பூட்டிக் கிடக்கு. கதவுல மாலை தொங்குது. முந்தின நாள்தான் வைத்தியர் போய்ச் சேந்திருக்காரு.

இப்பச் சொல்லுங்க. நான் சொல்லுத வரைக்கும்னு சொன்ன மனுஷன் சொல்லாமலே போயிட்டாரு. யாரு முடிக்க? நானா முடிச்சுக்கிடலாம்னு சொல்லுவிய. எங்க பெரியப்பா ஒருத்தரு பத்தியத்துல இருக்கும்போது பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பை எட்டிப் பாத்து மூச்சை இழுத்திருக்காரு. சாப்பிடலை, இழுக்கத்தான் செஞ்சாரு. உடம்பெல்லாம் தடிச்சு, மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிட்டு. இதைப் பாத்து வளந்தவன் நான். பத்தியம்னா விளையாட்டு இல்ல தம்பி.

அப்படியே இருந்தேன். ஏழு வருஷம். மிளகு, சீரகம், தேங்காய். மிளகு, சீரகம், தேங்காய். இதான் வாழ்க்கை. காலையில எந்திரிச்சா அம்மியில மிளகு சத்தம். சுரைக்காயைச் சின்னச் சின்னதா நறுக்கி, பாசிப்பருப்பை மலர வேகவிட்டு, ரெண்டையும் சேத்து, சீரகமும் தேங்காயும் தட்டிப் போட்டு ஒரு கூட்டு. அவரைக்காய்னா நாரெடுத்து, சின்ன உள்ளியோட ஒரு சொட்டு எண்ணெயில புரட்டி, தண்ணி தெளிச்சு மூடி போட்டு இறக்குவா. பச்சை நிறம் அப்படியே இருக்கும். வாழைத்தண்டை வட்ட வட்டமா நறுக்கும்போதே நாரை விரல்ல சுத்திக்கிட்டே வருவா, மோதிரம் மாதிரி. வாழைப்பூவுல ஒவ்வொரு பூவா கள்ளனை, அந்த வேகாத நரம்பை எடுத்துட்டு மோர்ல போடுவா. புளிப்பு வேணும்னு நான் முனங்கினா நெல்லிக்காயைத் தட்டிப் போட்டு ஒரு ரசம். ஞாயித்துக்கிழமைன்னா தேங்காய்ப்பால் பிழிஞ்சு சொதி. முருங்கைக்காய், உருளை, காரட்டு, பீன்ஸு, கடைசியா இஞ்சிச் சாறு.

எச்சி ஊறுதா? ஊறும். ருசி இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. ருசிதான். ஆனா ஜெயில்ல ருசியாப் போட்டா அது ஜெயில் இல்லைன்னு ஆயிருமா தம்பி?

நான் சும்மா உக்காந்து திங்கலை, அதையும் சொல்லிருதேன். விடியும் முன்னாடி மார்க்கெட்டுக்குப் போறது நான். எங்க ஊரு மார்க்கெட்டு தெரியும்லா, லாரி லாரியா காய் எறங்கும். ஈரம் காயாத காயாப் பாத்து எடுத்துட்டு வருவேன். வெண்டைக்காய்னா நுனியை ஒடிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன். ஒரு வேளைக்கு ஆக்கினதை மறுவேளைக்குத் தொட மாட்டேன். இது வைத்தியர் சொல்லலை, நானா வச்சிக்கிட்டது. செய்யுததைத் திருத்தமாச் செய்யணும்லா. பிரிட்ஜையே வித்துட்டேன். புளியும் மிளகாய் வத்தலும் வீட்டுக்குள்ளயே வரக் கூடாதுன்னுட்டேன். வாசம் பட்டா எனக்கு ஆசை வந்துரும். அதனால அவளும் அதையேதான் சாப்பிட்டா. ஒரு வீட்டுல ரெண்டு உலையா வைக்க முடியும்?

அவ ஆக்கும்போது தனியாவும் விட மாட்டேன். அடுக்களை வாசல்ல சேரைப் போட்டு உக்காந்துருவேன். ஒரு துணைக்குத்தான். ஏளா, மூடியை எடு, ஏளா, தீயைக் கொறைன்னு ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. பேச்சு கொறைஞ்சவ. முன்னால நல்லாப் பேசுவா, வயசு ஆக ஆக கொறைஞ்சிட்டு.

அவளுக்கு ஒரு தங்கச்சி, பேரு சொர்ணம். பாளையங்கோட்டையில மெஸ்ஸு வச்சிருக்கா. புருஷன் இல்லாதவ, ஒத்தையாக் கிடந்து நடத்துதா. அக்கா வா, ரெண்டு பேருமாச் சேந்து நடத்துவோம்னு வருஷா வருஷம் கூப்பிடுவா. இவ என் மூஞ்சியைப் பாப்பா. நான் தடுக்கலையே. போயிட்டு வா, ஆனா எனக்கு வேளைக்கு ஆக்கணுமேன்னு மட்டுந்தான் சொல்லுவேன். உண்மையைத்தான சொல்லுதேன். சொர்ணம் மக சடங்குக்குக்கூட விட்டேன். முத பஸ்ஸுல போனா, பிள்ளைக்குப் பூவு வச்சா, மத்தியானத்துக்குள்ள வந்து புடலங்காய் அரிஞ்சா. சேலையைக்கூட மாத்தலை, பட்டுச் சேலையிலயே உக்காந்து அரிஞ்சா. மத்தவன்னா பத்தியக்காரனை விட்டுட்டு எங்க போறன்னு கேட்டிருப்பான். எம்புட்டு சுதந்திரம் குடுத்திருக்கேன் பாருங்க.

நான்தான் அடைபட்டுக் கிடந்தேன். கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியில உக்கார முடியாது. கோயில் கொடை விழாவுக்குப் போனா புளியோதரை வாசம். எங்கயும் போறதில்லைன்னு ஆக்கிக்கிட்டேன். நான் போகலைன்னா அவ மட்டும் எப்படிப் போவா? ரெண்டு பேரும் வீட்டுலயேதான். சாயங்காலம் ஆனா சன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னு தெருவைப் பாப்பா. என்னளா பாக்கன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பா. நமக்காகத்தான் வருத்தப்படுதா போலன்னு எனக்கே ஒரு மாதிரியா இருக்கும்.

இந்த வருஷம் பங்குனியிலதான் என்னால முடியலை. எதுத்த வீட்டுல எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்காங்க. பிஞ்சுக் கத்தரிக்காயை நாலாக் கீறி மசாலாவை அடைச்சு நல்லெண்ணெயில போட்டா வருமே ஒரு வாசம். கதவைச் சாத்துனேன், வருது. சன்னலைச் சாத்துனேன், வருது. கண்ணுல தண்ணி வந்துட்டு தம்பி, ஆம்பளை அழுதேன். மறுநாளே அம்பாசமுத்திரத்துக்குப் பஸ்ஸு ஏறிட்டேன். வைத்தியர் மகன் தர்மராசுதான் இப்பக் கடையைப் பாக்கான். நாடியெல்லாம் பாக்க மாட்டான், மருந்து மட்டும் விப்பான்.

விஷயத்தைச் சொன்னேன். அவன் கல்லாவுல குப்புறப் படுத்துக்கிட்டுச் சிரிக்கான்.

"ஐயா, அப்பா போயி ஏழு வருஷம் ஆகுது. இன்னுமா பத்தியம் இருக்கிய?"

"முடிச்சுக் குடுக்காமப் போயிட்டாரேய்யா."

"அப்ப நான் முடிச்சுட்டேன்னு வச்சிக்கிடுங்க."

"அப்படி வச்சிக்கிட முடியுமா? முறையாச் சொல்லணும்லா."

அவன் கண்ணைத் துடைச்சிக்கிட்டான். "அகத்திக்கீரை ஒரு கட்டு வாங்கி ஆக்கிச் சாப்பிடுங்க. மருந்து முறிஞ்சிரும். அம்புட்டுத்தான் ஐயா. இதை நீங்க எப்ப வேணும்னாலும் செஞ்சிருக்கலாமே."

வாங்கிட்டு வந்து ஆவுடை கையில குடுத்தேன். ஏளா, முடிஞ்சிட்டு, வைத்தியர் மகனே சொல்லிட்டான்னேன். அவ கீரையைப் பாக்கா, என்னைப் பாக்கா. "நெசமாவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டா. அப்புறம் அப்படியே தரையில உக்காந்துட்டா.

அன்னைக்கு எதுத்த வீட்டுல போயி கடுகும் ரெண்டு வத்தலும் வாங்கிட்டு வந்தா. கீரையை ஆய்ஞ்சு, அரிசி களைஞ்ச தண்ணியில வேக வச்சா. கசப்பு எடுக்கும்லா. அப்புறம் சட்டியைக் காய வச்சு கடுகைப் போட்டா. ஏழு வருஷங்கழிச்சு எங்க வீட்டுல கடுகு வெடிக்குது தம்பி! படபடன்னு வெடிக்குது. அவ கரண்டியைக் கையில வச்சிக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நிக்கா. சிரிக்கா. ஏளா கரியுது, கரியுதுன்னு நான் கத்துதேன், அவளுக்குக் காதுலயே விழலை. எனக்குப் பத்தியம் முடிஞ்சதுல அம்புட்டுச் சந்தோஷம் அவளுக்கு.

சாப்பிட்டோம். கசந்துது, ஆனா தேவாமிர்தம். பாத்திரத்தைக் கழுவிக் கவுத்திட்டு, பரண்ல இருந்து பையை எறக்குனா. நாலு சேலையை மடிச்சு வச்சா.

"சொர்ணம் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"எப்ப வருவ?"

"இனிமே நீங்க எங்கனயும் சாப்பிடலாம்லா" ன்னா.

ஆமாம்லான்னு நானும் சொல்லிட்டேன். அப்பவே சுதாரிச்சிருக்கணும். எப்ப வருவன்னு கேட்டதுக்கு அவ பதில் சொல்லலைங்கிறதே பஸ்ஸு போனப்புறந்தான் எனக்கு உறைச்சுது.

முத வாரம் ராசா மாதிரி இருந்தேன். புரோட்டா, சால்னா, கருவாட்டுக் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய். ரெண்டாவது வாரம் நெஞ்சு எரிய ஆரம்பிச்சிட்டு. மூணாவது வாரம் ஓட்டல்காரன் இலையைப் போடும்போதே வயித்தைப் புரட்டுது. அதைவிட வீட்டுக்கு வந்தா, அந்தச் சவத்து அமைதி இருக்கே. ஏளான்னு கூப்பிட வாய் வருது, கூப்பிட ஆளில்லை. போன் போட்டா, "கூட்டமா இருக்கு, அப்புறம் பேசுதேன்"ங்கா. அப்புறம்னா பேசுதாளா? இல்ல.

பொறுத்துப் பாத்துட்டுப் பாளையங்கோட்டைக்கு நேர்லயே போனேன், கூட்டிட்டு வந்துருவோம்னு. தெருமுனையில திரும்புதேன், மெஸ்ஸு வாசல்ல வரிசை. பேங்க்குல வேலை பாக்குத பொம்பளைக, காலேஜு வாத்தியாருமாரு, கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு உங்களை மாதிரிப் பையங்க, எல்லாம் வெயில்ல நிக்காங்க. வாசல்ல ஒரு போர்டு. என்ன எழுதியிருக்கு தெரியுமா? "இங்கு பத்தியச் சாப்பாடு கிடைக்கும்."

என் பத்தியம் தம்பி அது! ஏழு வருஷம் நான் இருந்த பத்தியம்! என்னை வச்சுப் பழகிட்டு அங்க போயி இலை போட்டுப் பரிமாறுதா!

நானும் வரிசையிலதான் நின்னேன். உள்ள போயி உக்காந்தேன். சுரைக்காய்க் கூட்டு, அவரைக்காய், நெல்லிக்காய் ரசம். பக்கத்து இலைக்காரரு ஒரு ஆபீசரு, கூட்டை வழிச்சு நக்குதாரு. "பெரியவரே, வீட்டுலகூட இப்படிக் கிடைக்காது. இந்தம்மா வீட்டுக்காரரு குடுத்து வச்சவரு" ங்காரு. நான்தான்யா அதுன்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள கண்ணீரு இலையில சொட்டிட்டு. சுரைக்காய்க்குப் போயி அழுவானா ஒருத்தன், சொல்லுங்க.

அந்த நேரம் ஆவுடை வாளியோட வாரா. ஆளே மாறிட்டா. கலகலன்னு பேசுதா. ஒருத்தர்ட்ட "சம்பளம் வந்துட்டா?"ங்கா, இன்னொருத்தர்ட்ட "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"ங்கா. இவ்வளவு பேச்சையும் எங்க வச்சிருந்தா? என் இலைக்கிட்ட வந்து நின்னா. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"ன்னா. எல்லார்ட்டயும் கேட்ட மாதிரியேதான் கேட்டா. வச்சா. அடுத்த இலைக்குப் போயிட்டா.

கூட்டம் கலைஞ்சதும் அடுக்களை வாசலுக்குப் போனேன். சொர்ணம் வந்து மறிச்சிட்டா. "மச்சான், அக்கா ஆக்குத எடத்துக்கு யாரையும் விடக் கூடாதுன்னுட்டா. நானே வெளியிலதான் நிக்கேன்" ங்கா. கட்டின புருஷனுக்கும் அதே சட்டமாம். ஆவுடை கையைத் துடைச்சிக்கிட்டு வெளிய வந்தா.

"ஏளா, போதும், கிளம்பு. எனக்கு ஓட்டல் சாப்பாடு ஆகலை."

"உங்களுக்குப் பத்தியம் முடிஞ்ச அன்னைக்கே எனக்கும் முடிஞ்சிட்டு" ன்னா.

அது வாஸ்தவந்தான். அவளும் அதையேதான சாப்பிட்டா, அவளுக்கும்தான முடிஞ்சிருக்கும். அதுக்கும் வீட்டுக்கு வாரதுக்கும் என்ன சம்பந்தம்னுதான் எனக்கு இன்னைய வரைக்கும் புரியலை.

திரும்பி வார வழியெல்லாம் ரோசனை பண்ணேன். எது முடிஞ்சதால போனாளோ அது ஆரம்பிச்சா வந்துருவாள்லா? அவளுக்கு என் மேல உசுரு தம்பி. பத்தியம்னு ஒரு வார்த்தை சொன்னா ஓடி வந்துருவா. அதான் இன்னைக்குக் காலையில மறுபடி தர்மராசு கடைக்குப் போனேன். போற வழியில ஒரு அம்மா தோட்டத்துப் பீர்க்கங்காயைக் கூறு வச்சிருந்தா, பிஞ்சுன்னா அப்படி ஒரு பிஞ்சு. வீட்டுக்கு வந்த உடனே அவ ஆக்கட்டும்னு அதையும் வாங்கிக்கிட்டேன்.

"எனக்கு மறுபடி ஒரு பத்தியம் போட்டுக் குடுய்யா" ன்னேன்.

"என்ன நோவு ஐயா?"

"நோவு ஒண்ணுமில்ல. பத்தியம் மட்டும் குடு."

இந்தத் தடவை அவன் சிரிக்கலை. என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம், "சரி, இன்னையில இருந்து இருங்க" ன்னுட்டான். அவன் கடையில நின்னே ஆவுடைக்குப் போன் போட்டேன்.

"ஏளா, மறுபடி பத்தியம்னுட்டான். கிளம்பி வந்துரு."

பாத்திரம் உருளுத சத்தம் மட்டும் கேக்கு. அப்புறம் கேட்டா, "என்ன காய் வாங்கியிருக்கிய?"

எனக்கு உச்சி குளுந்துட்டு. காயைக் கேட்டுட்டாளே, வந்துருவா! பீர்க்கங்காய்னேன். பிஞ்சான்னா. பிஞ்சுன்னேன். "நல்லது. அப்பக் கேட்டுக்கிடுங்க" ன்னு ஆரம்பிச்சா. தோலைச் சீவி, நறுக்கி, பருப்போட வேக வையுங்க. தண்ணி நிறைய ஊத்தாதிய, காயே தண்ணி விடும். சீரகத்தையும் தேங்காயையும் கொரகொரன்னு தட்டிப் போடுங்க. தோலைத் தூரப் போட்டுராதிய, வதக்கி அரைச்சா துவையல் ஆகும்.

எனக்கு எதுக்குளா சொல்லுத, நீதான வந்து ஆக்கப் போறன்னேன்.

"பத்தியம் உங்களுக்குத்தான? நீங்களே ஆக்கிக்கிடுங்க. ஒண்ணும் கஷ்டமில்ல" ங்கா.

கோவமா சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல தம்பி. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்குத மாதிரி தன்மையாச் சொல்லுதா. அதான் பயமா இருக்கு. ஓட்டலுக்கும் இனி போக முடியாது, பத்தியத்தை ஏத்துக்கிட்டேன். அவளும் வர மாட்டா. நானா போயிக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன் பாத்தியளா இதை. வீட்டை நினைச்சாலே மூச்சு முட்டுது.

கடையம் தாண்டிட்டா? அடுத்தது நம்ம ஸ்டாப்புதான். கடைசியா ஒண்ணு சொன்னா தம்பி. "பதம் வந்ததும் இறக்கிருங்க"ன்னா. பதம்னா எதுன்னு கேக்க வாயெடுத்தேன். "இலை போட்டாச்சு, வைக்கேன்" னு போனை வச்சிட்டா. திருப்பித் திருப்பிப் போட்டேன், எடுக்கலை. இப்பவும் போட்டுப் பாத்தேன். அடிக்குது, அடிக்குது, எடுக்க மாட்டேங்கா.

உங்க வீட்டுல அம்மாவோ சம்சாரமோ இருக்காங்களா? ஒரு போன் போட்டுக் கேளுங்களேன், பீர்க்கங்காய்க்குப் பதம் எதுன்னு. கண்டக்டர், கொஞ்சம் பொறுங்க, விசில் ஊதிராதிய. இந்தத் தம்பி கேட்டுச் சொல்லட்டும், நான் இறங்கிருதேன்.